கெசையா வீட்டுக்குத் தளபதி வந்தார்

தளபதி உட்கார நாற்காலி இல்லை. கெசையாவின் வீட்டு நடுவில் கிடந்த மரப்பெட்டியின் மேல்தான் உட்கார்ந்தார்.

பக்கத்து வீட்டுக்காரி நான். கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கு மானமே போய்விட்டது. தளபதி சர் எவரார்ட் லாங்கோம்ப் வருகிறார் என்று ஆல்டர்ஷாட் ஊர் முழுக்கத் தெரியும். இவளுடைய நாற்காலி எங்கே தொலைந்ததோ. என்னிடம் ஒன்று கேட்டு வாங்கிப் போட்டிருக்கக் கூடாதா?

வீட்டை மட்டும் தேய்த்துக் கழுவி வைத்திருந்தாள். ஜன்னல் திரையைக்கூடக் கழற்றியிருந்தாள். பெரிய மனுஷர் வருகிறாரே, துவைக்கப் போட்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் வரிசை வீடுகள் எல்லாம் தளபதி கட்டிக் கொடுத்தவை. அவர் படையில் செத்தவனின் பெண்டாட்டிக்கோ அம்மாவுக்கோ ஒரு வீடு, வாடகை கிடையாது. கூடவே கண்ணாடிச் சட்டம் போட்ட அவருடைய படம் ஒன்று, அடியில் அவர் கையாலேயே போட்ட கையெழுத்தோடு.

அது குளிர்காயும் கணப்புக்கு மேலே தொங்க வேண்டும். "படம் எறங்கினா ஆளும் எறங்கணும்" என்று சாவி கொடுக்கும்போதே மேற்பார்வை பார்க்கும் பெல்லிங் அம்மா சொல்லிவிடுவாள்.

நான் ஞாயிறு தவறாமல் துடைப்பேன். கட்டின புருஷன் முகத்தைக்கூட நான் அப்படித் துடைத்ததில்லை.

என் வீட்டுச் சுவரில் தன் முகத்தைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டிவிட்டுத்தான் தளபதி இங்கே வந்தார். பெட்டியில் உட்கார்ந்தபடி நிமிர்ந்து பார்த்தார்.

அதே சட்டம்தான். கண்ணாடிக்குள் இருந்ததோ கெசையாவின் மகன் ஜாபெஸ். சந்தையில் எடுத்த சின்னப் படம். தொப்பி காதுவரை இறங்கியிருக்க, பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான்.

தளபதியோடு கூடவே வந்திருந்த பெல்லிங் அம்மாவின் முகம் சிவந்தது.

"தளபதி படத்தை என்ன பண்ணித் தொலைச்ச?"

"அதுலயேதாம்மா இருக்கு. திருப்பிப் பாருங்க."

அடிப்பாவி, மன்னிப்புக் கேட்டுத் தொலையேன் என்று என் மனசு அடித்துக்கொண்டது. வெளியே உறைபனி. ஊரார் துணியை வெளுத்துக் கிடைக்கிற காசில் இவளுக்கு வேறு வீடு எங்கே கிடைக்கும்?

பெல்லிங் அம்மா சட்டத்தைக் கழற்றித் திருப்பினாள். பின்பக்கம் இருந்தார் தளபதி, இத்தனை நாளும் சுவரைப் பார்த்தபடி. மீசை, பதக்கம், கையெழுத்து எல்லாம் அப்படியே. ஒரு கீறல் இல்லை.

கெசையா அவளைச் சட்டை செய்யவே இல்லை. நேராகத் தளபதியைப் பார்த்தாள்.

"அந்தக் குன்று மேல ஏறச் சொன்னீங்களே, அன்னிக்கு என் புள்ள முன்னால போனான். நீங்க பின்னால நின்னீங்க. இங்கயும் அதே மாதிரிதான் வச்சிருக்கேன், ஐயா."

 

 இப்போது எனக்கு உள்ளுக்குள், சொல்லுடி, இன்னும் நாலு வார்த்தை சொல்லு என்று இருந்தது. என் புருஷன் விழுந்ததும் அதே குன்றில்தான்.

"இன்னிக்கே வீட்டைக் காலி பண்ணு!" என்று கத்தினாள் பெல்லிங் அம்மா.

கெசையா அவள் கையிலிருந்து சட்டத்தை வாங்கினாள். மகனை மட்டும் உருவி எடுத்து நெஞ்சோரம் செருகிக்கொண்டாள். மிச்சத்தைத் தளபதியின் மடியில் வைத்தாள்.

"கொஞ்சம் எந்திரிங்க, ஐயா. நீங்க உக்காந்திருக்கறது என் பெட்டி மேல. காலையிலயே எல்லாத்தையும் கட்டி வச்சிட்டேன்."

அவர் எழுந்தார்.

பெட்டியின் ஒரு பக்கப் பிடியை அவள் பிடித்தாள். மறுபக்கத்தை நான் பிடித்தேன்.