ஆமையக்கா தேடிய திரட்டி

இதில் சிரிப்பு ஒன்று இருக்கிறது. அதற்குள் பல்லைக் காட்டிவிடாதீர்கள். முதலில் ஆமையக்கா படும் பாட்டைப் பாருங்கள்.

அவளுக்குப் பிடித்த வலைப்பூக்கள் ஏராளம். ஒவ்வொன்றாகத் திறந்து, புதுப் பதிவு வந்திருக்கிறதா என்று பார்ப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்துத் தரும் திரட்டி ஒன்று வேண்டுமென்று குளக்கரை முழுக்கச் சொல்லிவைத்தாள்.

அது மைனாப் பயல் காதில் விழுந்தது. அவனும் ஒரு வலைப்பூ எழுதுகிறான், படிக்கத்தான் ஆளில்லை. அக்காவாவது படிக்கமாட்டாளா என்று ஏங்கியவன், தாழம்புதருக்குள் ஒளிந்துகொண்டு தவளைக் குரலெடுத்தான்.

“நான்தான் திரட்டி! வந்ததையெல்லாம் மொத்தமாக் கொட்டுவேன். முதல்ல மைனா பதிவு!”

“மூச்சு முட்டுமேப்பா. வேற யாராச்சும் இருக்கீங்களா?”

புதருக்குள் குயில் குழைந்தது. “சமையல் தனி, பயணம் தனின்னு அடுக்கித் தருவேன்க்கா. எல்லாத்துக்கும் மேல மைனா பதிவு.”

“நல்லாத்தான் இருக்கு. அடுத்தது யாரு?”

ஆந்தை செருமியது. “நீ படிக்காம விட்டதை மட்டும் எடுத்துச் சொல்லுவேன், தாயி. இப்ப பாரு, மைனா எழுதின...”

ஆமையக்கா ஓட்டுக்குள்ளிருந்து கழுத்தை நீட்டி, புதரை நன்றாகப் பார்த்தாள்.

“நேராக் கேட்டிருந்தா படிச்சிருக்க மாட்டேனாடா, மைனா?”