சத்தம் போடுற ஏ.சி.

மாடியிலிருந்த இரண்டு படுக்கையறைகளையும் அளந்து முடித்த ஏ.சி. மெக்கானிக், அடுத்துத் தன் சரக்கைப் பற்றி அளந்துவிட ஆரம்பித்தார்.

"குளிருக்குச் சூடு, வெயிலுக்குக் குளிர்ச்சி, ரெண்டும் இதுலயே வரும் சார். ஓடுறதே தெரியாது."

"கொஞ்சம் சத்தம் போடுறது ஏதாவது இருக்கா?" என்றார் வீட்டுக்காரர்.

இருபது வருஷத் தொழிலில் இப்படி யாரும் கேட்டதில்லை.

"பழைய மாடல் ஒண்ணு கடையில கிடக்கு. விடிய விடிய கொர்ர்னு சத்தம் போடும். வீட்டம்மா என்னைத்தான் திட்டுவாங்க."

"திட்ட மாட்டா. அதையே எங்க ரூம்ல மாட்டுங்க."

"பக்கத்து ரூமுக்கு?"

"அங்கே வேண்டாம்." அவர் குரலைத் தாழ்த்தினார். "நாலு வருஷமா அங்கே பாப்பாவோட ஆக்சிஜன் மெஷின் ஓடிக்கிட்டே இருந்துச்சு. அந்தச் சத்தம் கேட்டாத்தான் என் சம்சாரம் நிம்மதியாத் தூங்குவா. போன மாசத்தோட அதுக்கு வேலையில்லாமப் போச்சு. அன்னையிலிருந்து அவளுக்குப் பொட்டுத் தூக்கம் இல்ல."