பரிசாக ஒரு சைக்கிள்

"பண்டிகைப் பரிசா உங்களுக்கு என்னங்க வேணும்?" என்று மனைவி கேட்டாள்.

"புது சைக்கிள். நீச்சல், சைக்கிள், ஓட்டம்னு மூணும் சேர்ந்த போட்டிக்குப் போகணும்," என்றார் தையல்காரரான கணவர்.

"நீங்களா? பக்கெட் தண்ணியக் கண்டாலே நடுங்குவீங்களே!"

"ஆறு மாசமா நீச்சல் கத்துக்கிட்டேன். பரிசையும் நானே வாங்கிட்டேன், வா."

வாசலுக்குக் கூட்டிப்போய், அவள் கையை எடுத்து சைக்கிள்மேல் வைத்தார். அவள் விரல்கள் ஒரு சீட்டைக் கடந்து, இன்னொரு சீட்டில் நின்றன.

"முன்னால நான், பின்னால நீ. தண்ணியிலயும் ஓட்டத்துலயும் நம்ம ரெண்டு பேரையும் ஒரு கயித்தால சேர்த்துக் கட்டிக்கலாம்."

அதே போட்டியில் மூன்று முறை ஜெயித்தவள் அவள். பார்வை போன இரண்டு வருடமாக அந்தப் பேச்சையே எடுத்ததில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு பின்சீட்டில் ஏறினாள்.

"நான் வேகமாத்தான் மிதிப்பேன். தாங்குவீங்களா?"