பிர்கிட்டின் வண்டி

குளிர்காலத்தில் விவசாயி வில்லாட்ஸின் வைக்கோல் கொட்டகையில், ஊரார் கோடையில் ஊர்சுற்றப் போகும், படுக்கை வசதியுள்ள மோட்டார் வீட்டு வண்டிகள் நிற்கும். மாதாமாதம் பேட்டரிகளுக்கு சார்ஜ் ஏற்றுவது அவர் பொறுப்பு. பிர்கிட்டின் வண்டி பேட்டரி மட்டும் ஒவ்வொரு தடவையும் காலியாகக் கிடந்தது. அவள் கணவர் ஆக்ஸெல் போன செப்டம்பரில் அந்த வண்டியில்தான் தூக்கத்திலேயே இறந்துபோனார்.

எங்கேயோ கரண்ட் கசிகிறதென்று வில்லாட்ஸ் எரிச்சலோடு பேட்டரியைக் கழற்றி, தன் சமையலறையில் கொண்டுவந்து வைத்தார். யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் காலை பிர்கிட் போன் செய்தாள்.

"பேட்டரிய ஏன் கழட்டுனீங்க?"

"உனக்கு யாரு சொன்னது?"

"ஹீட்டர் ஓடலையாம். அவரு ராத்திரி பூரா நடுங்கிட்டே கிடந்தாராம்."

வில்லாட்ஸ் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குப் போனார். மற்ற வண்டிகளின் கண்ணாடிகள் தெளிவாக இருந்தன. பிர்கிட்டின் வண்டியில் மட்டும், படுக்கையை ஒட்டிய கண்ணாடியில், உள்பக்கமாக மூச்சுக்காற்றின் ஈரம் படிந்திருந்தது.