வயது இறங்கிய மண்

புதைந்து கிடந்த ராட்சத விலங்கின் விலா எலும்புகளுக்கு அடியிலிருந்து தம்பி அனுப்பிய மண்ணை, ஆய்வகத்தில் அக்கா கார்பன் சோதனைக்கு வைத்தாள். நாற்பதாயிரம் ஆண்டுப் பழையது என்று வந்தது. மண்ணில் புதிய வேர்த்துணுக்கு ஏதும் கலந்திருந்தால் போகட்டுமென்று அமிலத்தில் கழுவி மறுபடி வைத்தாள். கழுவினால் வயது ஏறத்தான் வேண்டும். நாலாயிரமாக இறங்கியது. இன்னொரு முறை கழுவினாள், நானூறு. கடவுளே என்று கடைசியாக ஒரு தடவை கழுவினாள். இந்த வருஷத்து மண் என்றது கருவி.

அகழாய்வுக் குழியில் ஆட்களோடு இருந்த தம்பியை உடனே போனில் அழைத்தாள்.

"டேய், கழுவக் கழுவ அந்த மண்ணுக்கு வயசு இறங்குது, இந்த வருஷத்து மண்ணுங்குது மெஷின். எல்லாரையும் கூட்டிக்கிட்டு உடனே மேல ஏறு."

"உன் மெஷினுக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கும், அதுக்கு நாங்க ஏறணுமா? இப்பதான் சாப்பிட உக்காந்தோம்."

"சொன்னாக் கேளுடா, என் கண்ணுல்ல."

"அட, அழுவாத. ஏறித் தொலைக்கிறோம்."

அக்கா அழுகிறாளே என்பதற்காக மட்டும், பாதிச் சாப்பாட்டில் எல்லோரையும் எழுப்பிக்கொண்டு தம்பி ஏணியில் ஏறினான். மேலே நின்று குழிக்குள் எட்டிப் பார்த்தவன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"என்னடா?"

"அக்கா..." அவன் குரல் கிசுகிசுத்தது. "அந்த விலா எலும்புக்கு நடுவுல நாங்க உக்காந்திருந்த எடம், மூச்சு விடுற மாதிரி மெதுவா ஏறி எறங்குது."