நாற்பத்தேழாவது வரிசை

நான் எழுதியது நாற்பத்தாறு. எக்செலில் வந்து நிற்பது நாற்பத்தேழு.

கறுப்புத் திரையில் அதே ஒற்றை வரிக் கட்டளையை மறுபடி தட்டினேன். செயலியை எப்படியெல்லாம் சோதிக்க வேண்டும் என்று நான் எழுதிவைத்த டெஸ்ட் கேஸ்களை எக்செலாக மாற்றித் தரும் கருவி அது. தானாக எதையும் சேர்க்காது.

மறுபடியும் நாற்பத்தேழு.

கலைவாணன் வேலைதான். வேறு யார்?

எங்கள் டீம் லீடர். சென்னையில் உட்கார்ந்துகொண்டு, ஒகேனக்கல்லில் வீட்டிலிருந்து வேலை பார்க்கும் என்னை எப்போது கழற்றிவிடலாம் என்று காத்திருப்பவர். பரிசல் டிக்கெட் செயலியைப் பத்து மணிக்கு ஒப்படைக்க வேண்டும். புதிதாக ஒரு ஃபெயில் காட்டினாலும் எனக்கு வேலை இல்லை என்று நேற்றே சொல்லிவிட்டார். இப்போது அவரே ஒன்றை நுழைத்து என்னை மாட்டிவிடப் பார்க்கிறார்.

கடைசி வரிசைக்குப் போனேன். மற்றதெல்லாம் ஆங்கிலம். இது மட்டும் ஆங்கில எழுத்தில் தமிழ். வாட்ஸப்பில் அவர் திட்டுவதும் இப்படித்தான்.

உடனே போன் போட்டேன்.

“நீங்க இன்னும் ஃபைலை எனக்கு அனுப்பவே இல்லையே, கோகிலவாணி. நான் எப்படித் தொடுவேன்?”

கோபத்தில் அது எனக்குத் தோன்றவே இல்லை.

கேஸ்களை எழுதிவைத்த மூல ஃபைலைக் கடைசியாகச் சேமித்த நேரம் காலை ஐந்து நாற்பது. அப்போது நான் பால் வாங்கப் போயிருந்தேன். வீட்டில் இருந்தது என் வீட்டுக்காரர் மாதேஷ் மட்டும். நான் வேலை செய்யும்போது பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருப்பார். அவருக்கு என்ன புரியப்போகிறது என்று நானும் விட்டுவிடுவேன்.

அந்த வரிசையை அப்புறம்தான் ஒழுங்காகப் படித்தேன்.

‘நாலு டிக்கெட்டு போட்டா லைஃப் ஜாக்கெட்டு அஞ்சு வரணுங்க.’

செயலியில் நான்கு டிக்கெட் போட்டுப் பார்த்தேன். ஜாக்கெட் நான்கு என்று காட்டியது. ஆளுக்கு ஒன்று, சரிதானே என்றுதான் முதலில் நினைத்தேன்.

பிறகு எனக்கே வெட்கமாகிவிட்டது. குழந்தை, வயதானவர், வெளிநாட்டுக்காரர், கடைசி நிமிடத்தில் டிக்கெட்டை ரத்து செய்கிறவர் என்று நாற்பத்தாறிலும் தேடித்தேடி ஆள் சேர்த்திருக்கிறேன். துடுப்புப் போடுகிறவர் ஒன்றில்கூட இல்லை.

அந்த வரிசைக்கு நேராக ‘ஃபெயில்’ என்று போட்டு அனுப்பினேன். வேலை போனால் போகட்டும்.

இந்நேரம் மாதேஷ் முதல் சவாரிக்குப் பரிசலை ஆற்றில் இறக்கியிருப்பார்.