வாழைக்குத் தோழி

"பொண்ணு வந்தாச்சா?" என்று கந்தப்பன் மறுபடியும் கேட்டார். மாப்பிள்ளை பட்டு வேட்டியில் தயார். நெற்றியில் சந்தனம்கூட வைத்தாகிவிட்டது.

"ஆத்தோரமா வெட்டப் போயிருக்காங்கண்ணே. இந்தா வந்துருவாங்க" என்றாள் பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரி ஜெயலெட்சுமி.

பெண் என்பது ஒரு வாழைக்கன்று. மாப்பிள்ளை, வாசலில் பெட்டிக்குள் படுத்திருந்த அவர் மகன் ஜெயரூபன். ஸ்பிரிங்வெளி ரோட்டு வளைவில், மழையில் மோட்டார் சைக்கிள் சறுக்கியதோடு எல்லாம் முடிந்துபோனது.

கல்யாணம் ஆகாமல் இறந்த பையனைத் தனியாக அனுப்பக் கூடாது, வாழைக்குத் தாலி கட்ட வைத்த பிறகுதான் எடுக்க வேண்டும் என்பது அந்தத் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளின் சட்டம்.

"இல்லாட்டி எம் புள்ள போக வழி தெரியாம இந்த வாசல்லயே நிப்பான்" என்று கந்தப்பன் தேம்பினார். "அவனுக்கு நான் செய்யிறதுக்கு இது ஒண்ணுதான் மிச்சம் இருக்கு."

பாவம், உயிரோடு இருக்கும்போதே செய்யத்தான் பார்த்தார். நமுனுகுலவில் ஒரு பெண், வெலிமடையில் ஒரு பெண் என்று மனிதர் அலையாத பஸ் இல்லை. பையன்தான் "அடுத்த வருஷம் பாப்போம்பா" என்று நழுவிக்கொண்டே இருந்தான்.

பதுளை டவுனில் போன் திருத்தும் கடையில் வேலை. லயத்தில் கீழே விழுந்த போன், தண்ணீரில் விழுந்த போன் எல்லாம் ஞாயிற்றுக்கிழமை அவன் கைக்குத்தான் போகும். யார் யாரோடு பேசுகிறார்கள், யார் படம் யார் போனில் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாதது கிடையாது. ஒரு வார்த்தை வெளியே விட்டிருப்பானா? லயத்துக்கு அவன்மேல் இருந்த ஒரே மனக்குறை அதுதான்.

கடையிலிருந்து அவன் சிநேகிதன் ரஜீவ் ஆட்டோவில் வந்து இறங்கினான். கூடவே கறுப்புச் சுடிதாரில் ஒரு பெண், கழுத்தில் சிலுவை. பெயர் றொஷேல், அதே கடையில் வேலை செய்கிறவளாம்.

"எழவு வீட்டுக்கும் சோடியாத்தான் வரணுமா?" என்று ஜெயலெட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டே அடுத்தவள் காதில் ஊதினாள். "ரஜீவ் தம்பி ஆளு புடிச்சிருச்சு பாருங்க."

அந்தப் பெண் அழவில்லை. பெட்டி அருகேயும் போகாமல் கொட்டகைக் கம்பைப் பிடித்தபடி நின்றாள். வந்தவர்களையெல்லாம் கட்டிக்கொண்டு கதறிய ஜெயரூபனின் அம்மா ஜீவராணி, இவளைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டவுன் பெண்ணுக்கு அதுகூடப் புரியவில்லை போலும். நின்ற இடத்திலேயே நின்றாள்.

வாழை வந்தது. சிவப்புச் சேலையைச் சுற்றிப் பூ வைத்ததும், ஊர்ப்பட்ட கல்யாணப் பெண்களைவிட அதுதான் அடக்கமாக இருந்தது.

"ஏங்க, இது வேணாங்க" என்றாள் ஜீவராணி மெதுவாக.

"நீ சும்மா இரு. இருக்கையில ஒருத்தியக் கட்டிவைக்க விட்டானா? இப்பவாச்சும் எம் பேச்சக் கேக்கட்டும்."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். புருஷன் மகனின் வேட்டி மடிப்பை நீவிவிடுவதைப் பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டாள்.

கல்யாணப் பெண்ணுக்குத் தோழி வேண்டும், அதுவும் கன்னிப் பெண்தான் கன்றைப் பிடித்துவர வேண்டும் என்றாள் ஜெயலெட்சுமி. எந்தச் சாஸ்திரம் என்று கேட்க அங்கே யாருக்கும் தெம்பில்லை. லயத்துத் தாய்மார் மட்டும் தங்கள் பெண்களைச் சத்தமில்லாமல் வீட்டுக்குள் தள்ளினார்கள். சாவு வீட்டு வாழையைத் தொட்டால் அவர்களுக்குக் கல்யாணம் தள்ளிப்போகுமே!

ஜெயலெட்சுமியின் கண் றொஷேல் மேல் விழுந்தது. வெளியூர்ப் பெண், வேதக்காரி, கேட்க ஆளில்லை.

"தங்கச்சி, ஒண்ணா வேலை செஞ்ச புள்ளதானே. இதக் கொஞ்சம் புடிங்க."

"எனக்கு ஏலாதுக்கா."

"ஒரு வாழைக்கன்னு புடிச்சா உங்க சாமி கோவிச்சுக்குமா?"

"அதில்லக்கா..." அவள் ரஜீவைப் பார்த்தாள். ரஜீவ் தரையைப் பார்த்தான்.

கந்தப்பன் கைகூப்பிக்கொண்டு வந்தார். "அம்மா, மழை எறங்குது. எம் புள்ளைய எடுக்கணும். ஒங் கால்ல வேணும்னாலும் விழுறேன்."

அவர் நிஜமாகவே குனிந்தார். அவள் பதறிப்போய்க் கன்றை வாங்கிக்கொண்டாள்.

பெட்டியருகே கொண்டுபோய் நிறுத்தினார்கள். அப்போதுதான் அவள் ஜெயரூபனின் முகத்தைப் பார்த்தாள்.  வாழை இலை காற்றில்லாமலே ஆடிக்கொண்டிருந்தது.

தப்பு மேளம் உரத்தது. கந்தப்பன் மஞ்சள் கயிற்றை எடுத்து மகனின் விரல்களில் தொடவைத்தார்.

"நிறுத்துங்க!"

ஜீவராணி எழுந்து, தலைமுடி அவிழ, றொஷேலை நோக்கி ஓடிவந்தாள். வேதக்காரி கை பட்டதற்கு அறை விழப்போகிறது என்று லயமே எட்டிப் பார்த்தது. அவள் வாழையைப் பிடுங்கி வாசலுக்கு வெளியே வீசினாள். தப்பு நின்றது.

கயிறும் கையுமாக நின்ற புருஷனைப் பார்த்து அவள் கதறினாள்.

"பாவி மனுசா, எம் மருமக கையிலயே சக்களத்தியக் குடுத்துட்டீங்களே!"